லயத்து வீட்டில் சின்னப் பிள்ளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், முன்னால் இஸ்தோப்பு, நடுவில் ஒரு காம்பரா, பின்னால் குசினி என்று இருக்கிற, தொழிலாளருக்காக வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் என் இரண்டு பிள்ளைகளும் வளர்கிறார்கள். மூத்தவளுக்கு ஆறு வயது, இளையவனுக்கு இரண்டரை. மாமியார் இன்றும் கொழுந்து எடுக்கப் போகிறார். கணவருக்குக் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். கல்யாணத்துக்கு முன் ஐந்து வருடம் முன்பள்ளியில் படிப்பித்தேன். அதனாலோ என்னவோ, பீலியில் தண்ணீர் பிடிக்கிற இடத்திலும் கிளினிக் வாசலிலும் பெண்கள் என்னிடம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

காலையில் வீடே போர்க்களம் மாதிரி இருக்கிறது. பிள்ளைகள் அழுதுகொண்டுதான் எழும்புகிறார்கள். என்ன செய்யலாம்?

இதற்கு மருந்து முதல் நாள் அந்தியில் இருக்கிறது. ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணித்தியாலம் தூக்கம் வேண்டும். மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13. நம் வீடுகளில் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் இடத்துக்கு, போகிறவர்களுக்காக ஐந்து மணிக்கே அடுப்பு எரியும், ரொட்டி தட்டும் சத்தம் கேட்கும். ஒரே காம்பராவில் ஒருவர் எழும்பினால் எல்லாரும் எழும்பின மாதிரிதான். ஐந்தரைக்கு எழும்புகிற பிள்ளை ஏழரைக்காவது படுத்திருக்க வேண்டும். ஆனால் மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, வீட்டுக்கு வந்து சமைத்து முடிக்கவே எட்டு மணியாகிறது. அதற்குப் பிறகு டிவி நாடகம். பிள்ளையும் பத்து மணி வரை முழித்திருக்கிறது. தோட்டத்தின் நேரத்துக்கு எழும்பி, பெரியவர்களின் நேரத்துக்குத் தூங்கினால் பிள்ளைக்கென்று ஒரு நேரம் எங்கே இருக்கிறது?

எங்கள் வீட்டில் இரண்டு மாற்றம் செய்தோம். பிள்ளைகளுக்கான சோற்றை அந்திக்கு ஆறரைக்கே கொடுத்துவிடுவேன். பெரியவர்கள் பிறகு சாப்பிடுவோம். டிவியைக் காம்பராவிலிருந்து இஸ்தோப்புக்குத் தூக்கிப் போட்டு, நடுவில் பழைய சேலையொன்றைத் திரையாகக் கட்டினேன். மாமியார் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், இஸ்தோப்பில் குளிர் அடிக்கும் அல்லவா. கம்பளியும் சாயத் தண்ணியும் (பால் சேர்க்காத தேநீர்) கொண்டுபோய்க் கொடுத்தேன், சரியாகிவிட்டது. பிள்ளைகள் பழக ஏறக்குறைய ஒரு மாதம் எடுத்தது. இரண்டாவது நாளே பலன் இல்லையென்று விட்டுவிடாதீர்கள்.

எல்லாரும் ஒரே பாயில், ஒரே கம்பளிக்குள் படுக்கிறோம். கைப்பிள்ளையை நடுவில் போடலாமா?

நடுவில் போட வேண்டாம். இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் கனமான கம்பளிக்குள் கிடக்கும் பிள்ளையின் மூக்கு மூடிப்போனால் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குப் பக்கத்திலேயே, தனி விரிப்பில், தனிப் போர்வையோடு மல்லாக்கப் படுக்க வையுங்கள். ஒரு வயது வரை தலையணை தேவையில்லை. போர்வை நெஞ்சுக்கு மேலே ஏறக் கூடாது. குளிருக்குக் காலுறையும் இரண்டு சட்டையும் போட்டால் போதும். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: குடித்துவிட்டுப் படுக்கிறவர், அப்பாவாக இருந்தாலும் தாத்தாவாக இருந்தாலும், அன்றைக்குக் கைப்பிள்ளைக்குப் பக்கத்தில் படுக்கக் கூடாது. அவருக்கு இஸ்தோப்பில் பாய் போடுங்கள்.

ஜனவரிக் குளிரில் பிள்ளை நடுங்குகிறது. அந்தக் காலத்தில் கரிச்சட்டி வைப்பார்கள். வைக்கலாமா?

தயவுசெய்து வைக்காதீர்கள். கரி எரியும்போது காபன் மொனொக்சைட் என்ற வாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்த காம்பராவில் தூங்குகிறவர்கள் அப்படியே மயங்கி இறந்துவிடுவார்கள். புகை இல்லாத தணல்தானே என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து.

நுவரெலியாவிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வருடத் தொடக்கத்தில் புல்லின் மேல் உறைபனி விழும். அந்த மாதங்களில் கைப்பிள்ளைக்கு அம்மாவின் உடம்புச் சூட்டை விட நல்ல கணப்பு கிடையாது. சட்டையைக் கழற்றி, அம்மாவின் நெஞ்சோடு அணைத்து, அதற்கு மேலே போர்த்திக்கொள்ளுங்கள். குளிப்பாட்டுவதைப் பதினொரு மணிக்கு மேல், வெயில் வந்த பிறகு வையுங்கள். தினமும் தலைக்கு ஊற்ற வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. படுக்கும் முன் பாயைச் சூடாக்க, போத்தலில் சுடுதண்ணி நிரப்பித் துணி சுற்றி வைக்கலாம். பிள்ளையைப் படுக்க வைக்கும்போது அந்தப் போத்தலை எடுத்துவிடுங்கள்.

குசினிப் புகையில் பிள்ளை எந்நேரமும் இருமுகிறது. எப்போது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது?

கேஸ் வாங்க வசதியில்லாத வீட்டுக்காரரிடம் கேஸ் வாங்குங்கள் என்று சொல்லிப் பயன் இல்லை. விறகை முதல் நாளே அடுப்புக்கு மேலே அடுக்கி நன்றாகக் காய வையுங்கள். ஈர விறகுதான் புகையைக் கக்குகிறது. சமைக்கும் நேரத்தில் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பதை விட்டு, இஸ்தோப்பில் யாராவது பார்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நம் அடுப்பு தரையோடு இருக்கிறது, பிள்ளை அங்கே இல்லாவிட்டால் சுடுதண்ணி கொட்டும் விபத்தும் குறையும். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைக்கு அது சோடாதான்.

இருமல் மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். மூச்சைத்தான் கவனிக்க வேண்டும். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60, ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40: இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே உடனே கிளம்புங்கள். விலாவுக்குக் கீழே உள்வாங்கி இழுத்தாலும், பால் குடிக்க முடியாமல் சோர்ந்தாலும் எண்ணிக்கொண்டிருக்கக்கூட வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். உங்கள் லயத்துக்குப் பாதை இல்லையென்றால், எந்தச் சந்தியில் நிற்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மழைக்காலத்தில் துணி காயவே மாட்டேன் என்கிறது.

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை இதே கதைதான். பதுளைப் பக்கத்தாருக்கு ஒக்டோபருக்குப் பிறகு. ஈரத்தோடு போடும் துணியால் தொடையில் புண் வரும். பழைய பருத்திச் சேலையைச் சின்னச் சின்னதாகக் கிழித்து இருபது, இருபத்தைந்து துண்டு வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய துணி குசினிச் சூட்டிலேயே காய்ந்துவிடும். கடையில் வாங்கும் தடித்த நெப்கின் துணி இரண்டு நாளானாலும் காயாது.

பிள்ளைக்குச் சாயத் தண்ணி கொடுக்கலாமா? நாங்கள் எல்லாம் அதைக் குடித்துத்தானே வளர்ந்தோம்?

வளர்ந்தோம். எத்தனை பேர் இரத்தம் குறைந்து வளர்ந்தோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேயிலையில் உள்ள ஒரு பொருள், சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. கீரை, பருப்பு, கடலை மாதிரியான சாப்பாட்டோடு குடித்தால் இன்னும் மோசம். நம் பழக்கம் என்ன? ஒரு கையில் ரொட்டி, மறு கையில் சாயத் தண்ணி. கஷ்டப்பட்டு ஊட்டிய கீரையின் சத்தில் பாதியை நாமே தடுத்துவிடுகிறோம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். மலைக்குப் போகும் அவசரத்தில், அழும் பிள்ளையின் வாயை மூடச் சீனி போட்ட சூடான தண்ணீர்தான் கையில் இருந்தது. வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், குளிருக்கும் இதம். அந்தத் தாய்மாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இன்றைக்கு நமக்குத் தெரிந்த பிறகும் ஏன் கொடுக்க வேண்டும்?

ஐந்து வயதுக்குள் சாயத் தண்ணியே வேண்டாம் என்பது என் முடிவு. என் மகள் எல்லாரும் குடிக்கிறார்களே என்று அழுவாள். அவளுடைய கோப்பையில் மல்லித் தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், எங்களோடு உட்கார்ந்து குடிப்பாள். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த உட்காருவதுதான். பெரியவர்களும், முக்கியமாகக் கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும், சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்பது நல்லது. சோற்றோடு எலுமிச்சம்புளி விட்ட கீரைச் சம்பலோ ஒரு துண்டு கொய்யாவோ இருந்தால் இரும்புச் சத்து கூடுதலாகச் சேரும்.

ரொட்டியும் சம்பலும் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்கிறான்.

அப்படியென்றால் ரொட்டிக்குள்ளேயே வேலையைக் காட்டுங்கள். கரட் துருவிப் போடலாம், வல்லாரையைப் பொடியாக அரிந்து போடலாம், முட்டை உடைத்து ஊற்றிப் பிசையலாம். நெத்தலியை வறுத்துப் பொடியாக்கிச் சின்னப் போத்தலில் வைத்திருக்கிறேன். சோற்றில் அரைக் கரண்டி தூவிவிடுவேன். போஞ்சி, லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு எல்லாம் நம் மலையில் விளைந்து கொழும்புக்குப் போகிறது. அதை விளைவிக்கிற ஊரில் பிள்ளைகள் பிஸ்கட்டும் டொபியும் தின்று வயிற்றை நிரப்புவதைப் பார்க்க எனக்கு வயிறெரிகிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி பிஸ்கட்டை நிறுத்தினாலே பாதிப் பிள்ளைகள் சாப்பிடுவார்கள்.

ஆறு மாதம் முடிந்து சோறு ஊட்டத் தொடங்கும் வீடுகளுக்கு ஒன்று. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால்தான் கடலையும் கௌபியும் வேக இவ்வளவு நேரம் எடுக்கிறது. இரவே ஊறப்போட்டு, விரலால் நசுக்கினால் மாவாகும் வரை வேகவிட்டுப் பிசையுங்கள்.

கிளினிக்கில் தரும் திரிபோஷாவைப் பற்றியும் கேட்பார்கள். சோளம், சோயா, பால்மா சேர்த்துச் செய்த, ஏற்கனவே வெந்த மா அது. கொஞ்சம் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்தால் அப்படியே சாப்பிடலாம். வீட்டில் எல்லாருமாகப் பங்கு போட்டால் யாருடைய பெயரில் வந்ததோ அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது.

மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் (பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) விடலாமா?

விடலாம். முதலில் உங்கள் உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள். எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் 84 நாள் பிரசவ விடுமுறை உண்டு. 2018இல் சட்டம் திருத்தப்படும் வரை மூன்றாவது பிள்ளைக்கு அதில் பாதிதான் கிடைத்தது. பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை, ஒன்பது மணித்தியால வேலைக்குள் பால் கொடுக்க இரண்டு இடைவேளை தர வேண்டும். பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். இதைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

விடுவதற்கு முன் இரண்டு மூன்று நாள் நீங்களும் போய் உட்காருங்கள். ஆயா பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, கை கழுவிவிட்டு ஊட்டுகிறாரா, கதவுக்குக் கொக்கி இருக்கிறதா, யார் வந்து கேட்டாலும் பிள்ளையைக் கொடுத்துவிடுகிறார்களா என்று பாருங்கள். நல்ல ஆயா ஒருவர் வாய்த்தால் அது பெரிய கொடுப்பினை. எனக்கு வாய்த்தார். என் மகன் முதல் பாட்டுப் படித்தது அவரிடம்தான். பிழிந்து வைத்த தாய்ப்பால் நம் குளிருக்கு நாலு மணித்தியாலம் வெளியில் கெடாது. அதனால் காலையிலேயே பால்மாவுக்கு மாற வேண்டிய அவசியம் இல்லை.

கணவர் வெளியூரில். பிள்ளை அப்பாவை மறந்துவிடுமோ?

இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு இப்போது குறைவு. அப்பா கொழும்பில், இல்லையென்றால் அம்மா வெளிநாட்டில். எங்கள் பழக்கம் இது: தினமும் ஆறேமுக்கால் மணிக்கு, சாப்பிட்ட கையோடு, அப்பாவுக்கு வீடியோ கோல். பத்து நிமிடம்தான். "நல்லா இருக்கியா, சாப்பிட்டியா" என்று கேட்டால் பிள்ளைகளுக்குப் பேச்சு வராது. அதனால் அவர் அன்றைக்குப் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்வார்: ரயிலில் ஏறிய பூனை, கடைக்கு வந்த கோபக்காரர். மகள் பதிலுக்குத் தன் கதையைச் சொல்வாள். நேரம் மாறாமல் இருப்பது முக்கியம். அழைக்க முடியாத நாளில் முன்கூட்டியே சொல்லிவிடுவார். அப்பா வந்தால்தான் உனக்கு இருக்கிறது என்று பிள்ளையை மிரட்டாதீர்கள். மாதத்தில் இரண்டு நாள் வருகிற மனிதரை ஏன் பூச்சாண்டி ஆக்க வேண்டும்?

அப்படியென்றால் போன் கொடுக்கலாமா?

அப்பாவோடு பேசுவது வேறு, ஊட்டும்போது கார்ட்டூன் போட்டு விடுவது வேறு. இரண்டு வயது வரை திரையே வேண்டாம், அதற்குப் பிறகு ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. மழை நாளில் ஒரே காம்பராவுக்குள் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது கஷ்டம்தான், எனக்கும் தெரியும். கோதுமை மாவில் ஒரு உருண்டை, பானை மூடி, காலி டின், போஞ்சி உடைக்கும் வேலை, இவற்றிலேயே எங்கள் வீட்டில் மழை நாள் ஓடிவிடும்.

வீட்டில் தமிழ், வெளியில் சிங்களம், முன்பள்ளியில் இங்கிலீஷ். பிள்ளை குழம்பிவிடாதா?

குழம்பாது. வீட்டில் தமிழில் நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள். பக்கத்துச் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடும்போது சிங்களம் தானாக வரும். அம்மாவுக்கே சரியாக வராத இங்கிலீஷில் பிள்ளையோடு மல்லுக்கட்டுவதுதான் பேச்சைச் சுருக்கிவிடுகிறது.

பிறப்புச் சான்றிதழில் கவனிக்க வேண்டியது என்ன?

பிறப்பைப் பதிவதற்கு மூன்று மாதம் தாண்டவிடாதீர்கள். தாண்டினால் காலங்கடந்த பதிவு என்று அலைச்சல் கூடும். போகும் முன் பிள்ளையின் பெயரையும் அம்மா, அப்பா பெயரையும் அடையாள அட்டையில் உள்ளபடியே ஒரு தாளில் தமிழிலும் இங்கிலீஷிலும் தெளிவாக எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடும் முன் எழுத்தெழுத்தாக வாசியுங்கள். என் தம்பியின் பெயரில் ஒரு எழுத்து மாறிப்போனதால், சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போது அம்மா நாலு நாள் வேலையை விட்டு அலைந்தார். நாலு நாள் பேர், அதாவது நாலு நாள் சம்பளம், போனது என்றால் நம் வீட்டில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

மண்சரிவைப் பற்றிச் சின்னப் பிள்ளைகளிடம் பேசலாமா?

பேச வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நம்மில் யாரும் மறக்கவில்லை. பயமுறுத்தாமல், ஒரு பழக்கமாகச் சொல்லிக் கொடுங்கள். எங்கள் வீட்டில் பெரிய மழை நாளில் செருப்பும் ஸ்வெட்டரும் கதவடியில் இருக்கும். கிளினிக் புத்தகம், பிறப்புச் சான்றிதழ், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பொட்டலம் எல்லாம் ஒரு பொலித்தீன் பையில். கோயிலடிக்கு எந்தப் பாதையால் போவது என்று மகளுக்குத் தெரியும். சுவரிலோ நிலத்திலோ புது வெடிப்பு, திடீரென்று இறுகும் கதவு, புதிதாகக் கசியும் அல்லது கலங்கி வரும் ஊற்று, சாயும் மரம், இதில் ஒன்றைக் கண்டாலும் வெளியேறுங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்தால் விடியும் வரை பார்த்திருக்காதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

அடிக்காமல் வளர்க்க முடியுமா? அடியாத மாடு படியாது என்பார்களே?

பிள்ளை மாடு இல்லை. நானும் ஒருமுறை அடித்தேன். பீலியிலிருந்து சுமந்து வந்த தண்ணீரை மகள் தட்டிக் கொட்டிவிட்டாள். அவளுக்கு அப்போது மூன்று வயது. அடித்த பிறகு ஒரு வாரம், நான் கையைத் தூக்கித் தலைமுடியைச் சரிசெய்தாலும் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். தண்ணீர்ப் பானையை வழியில் வைத்தது நான். பிள்ளைகளைப் பார்த்த வரையில், அடிக்குப் பயந்த பிள்ளை செய்வதை நிறுத்துவதில்லை, நமக்குத் தெரியாமல் செய்யப் பழகுகிறது.

கோபம் வந்தால் நான் வாசலுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வருவேன். பிறகு கொட்டியதை அவர்களையே துடைக்க வைப்பேன். கடிக்கிற, உதைக்கிற வயதில் கையைப் பிடித்துக்கொண்டு "அடிக்கக் கூடாது, வலிக்கும்" என்று ஒரே வசனத்தை நூறு தடவை சொல்ல வேண்டியிருக்கும். அப்பாயி ஒன்று சொல்லி, நான் ஒன்று சொல்லி இருந்த காலத்தில் எதுவும் நடக்கவில்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு நானும் மாமியாரும் பேசி, எதற்கெல்லாம் "வேண்டாம்" என்று முடிவெடுத்தோம். நாலு விஷயம்தான்: அடுப்பு, பாதை, கத்தி, அடித்தல். மற்றதில் அப்பாயி செல்லம் கொடுக்கட்டும். எங்காவது ஒரு பிள்ளை மோசமாக அடிபடுவதை, வேறு விதமாகத் துன்பப்படுவதைக் கண்டால் 1929க்குச் சொல்லுங்கள். அது சிறுவர்களுக்கான உதவி இலக்கம், காசு போகாது.

எனக்கே அழுகை வருகிறது. பிள்ளையைத் தூக்கக்கூட மனமில்லை. யாரிடம் சொல்வது?

பிள்ளை பிறந்த முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பல பேருக்கு உண்டு. இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை, தூக்கம் இல்லை, பிள்ளை மேலோ உங்கள் மேலோ வெறுப்பு வருகிறது என்றால் அது ஒரு நோய். மருந்து உண்டு, குணமாகும். திமிரோ, பேய் பிடித்ததோ, பிள்ளை மேல் பாசமில்லாததோ அல்ல. வீட்டுக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் பிள்ளையின் நிறையைக் கேட்டதும், உங்களைப் பற்றியும் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

நோய் என்று இல்லாத வெறும் களைப்புக்கு நாங்கள் பக்கத்துக் காம்பரா அக்காவோடு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் பிள்ளைகள் இருவரும் அவர் வீட்டில், நான் இரண்டு மணித்தியாலம் தூங்குவேன். அடுத்த ஞாயிறு அவருடைய மகன் எங்கள் இஸ்தோப்பில் விளையாடுவான்.